லவ்டேல் ஆந்தையும் ஒரு லைன்மேனும்

முதலில் ஒரு 'டொக்'. மூங்கில் குழாயின் வாயை உள்ளங்கையால் தட்டினால் வருமே, அந்தச் சத்தம். ஒரு மூச்சு நேரம் கழித்து 'து-ஹூ'. அவ்வளவுதான். சில இரவுகளில் அதே தொண்டையிலிருந்து நாலைந்து 'ஹூ' அடுத்தடுத்து உருண்டு வரும். எப்போதாவது ஒரு வீறிடலும் வரும். அதைக் கேட்ட வீட்டில் கதவு சரியாகத் தாழிட்டிருக்கிறதா என்று யாராவது எழுந்து பார்ப்பார்கள். லவ்டேலில் உறைபனி விழத் தொடங்கும் டிசம்பர் கடைசியிலிருந்து மார்ச் வரை இந்தக் குரல்கள் அதிகம்.

இந்தக் குரலுக்கு எங்கள் பக்கத்தில் ஆளுக்கொரு விளக்கம் உண்டு. விடிவதற்கு வெகுநேரம் முன்னால், நெற்றியில் டார்ச்சைக் கட்டிக்கொண்டு கேரட் அறுவடைக்குப் போகிறவர்கள் 'சாக்குருவி' என்பார்கள். ஊட்டியில் அறை கிடைக்காமல் இங்கே வந்து தங்கும் டூரிஸ்ட்கள் குரங்கு என்று முடிவு கட்டிவிடுவார்கள். காட்டேஜ் வாட்ச்மேன்கள் அவரவர் கற்பனைக்கு ஏற்றபடி பேய்க்கதை சொல்லி டிப்ஸ் வாங்கிவிடுவார்கள்.

நான் மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவன். லவ்டேல், கேத்தி, பாலாடா என்று பெரும்பாலும் இந்த ஒரே வட்டாரத்தில்தான் வேலை. கடல் மட்டத்திலிருந்து ஏழாயிரம் அடிக்கு மேல் இருக்கும் இடம் இது. மலை ரயிலில் ஊட்டிக்கு முந்தைய நிறுத்தம். 1858-ல் தொடங்கிய லாரன்ஸ் பள்ளியை வைத்துத்தான் வெளியூர்க்காரர்கள் இந்த ஊரை அறிவார்கள். காற்றுமழையில் மரம் சாய்ந்து கம்பி அறுந்தால் எங்களுக்கு ராத்திரி, பகல் கிடையாது. ஆனால் லைன்மேனின் ராத்திரியில் வேலையைவிடக் காத்திருப்பதுதான் அதிகம். மின்சாரத்தை நிறுத்தியாயிற்று என்ற 'லைன் க்ளியர்' கிடைக்கும்வரை கம்பத்தடியில் நிற்க வேண்டும். டார்ச்சை அணைத்துவிட்டு, பேச்சையும் நிறுத்திவிட்டு அப்படி நிற்கிறவனுக்குக் காடு கொஞ்சம் கொஞ்சமாகக் காதில் விழ ஆரம்பிக்கும். இந்தப் பறவை எனக்கு அறிமுகமானது அப்படித்தான்.

பெயர் பழுப்புக் காட்டு ஆந்தை. அறிவியல் பெயர் ஸ்ட்ரிக்ஸ் லெப்டோகிராமிக்கா. இமயமலை அடிவாரத்திலிருந்து தைவான், போர்னியோ வரையிலும், தெற்கே இலங்கை வரையிலும் இதன் உறவுகள் பரவியிருக்கின்றன. தென்னிந்திய மலைகளில் இருக்கும் கிளையினத்துக்கு 1832-ல் பெயர் சூட்டியவர் கிழக்கிந்தியக் கம்பெனியின் படை அதிகாரி வில்லியம் ஹென்றி சைக்ஸ். தக்காணத்துப் பறவைகளைப் பட்டியல் போட்டவர் அவர். என்ன தோன்றியதோ, இதற்கு இந்திரனின் மனைவி பெயரை வைத்துவிட்டார். இன்றும் புத்தகங்களில் அது 'இந்திராணி'தான். நாம் அபசகுனம் என்று விரட்டும் பறவைக்கு ஒரு வெள்ளைக்காரர் தேவலோக ராணியின் பெயரை வைத்தது எனக்குப் பிடித்திருக்கிறது.

தோற்றத்திலும் ஒரு ராணிக்களை உண்டு. சுமார் ஒன்றரை அடி நீளம், அரைக் கிலோவுக்குச் சற்று மேற்பட்ட எடை. வட்ட முகம் செம்பழுப்பு. கண்ணைச் சுற்றி மை தீட்டியது போலக் கருமை, அதற்கு மேலே வெள்ளைப் புருவம். ஊருக்குள் தெரியும் புள்ளி ஆந்தைக்கு மஞ்சள் கண். இதற்கோ கண் முழுவதும் கரும்பழுப்பு, இருட்டில் கண் இருக்கும் இடமே தெரியாது. தலையில் கொம்பு மாதிரி நிற்கும் இறகுகள் இல்லை. வெளிறிய வயிற்றில் குறுக்கே நெருக்க நெருக்கமாக மெல்லிய கோடுகள். கால் விரல்வரை இறகு மூடியிருக்கும். இந்தக் குளிருக்கு அது தேவைதான்.

பகலில் இதைக் கண்டுபிடிப்பது கஷ்டம். கிளையோடு ஒட்டி உட்கார்ந்திருக்கும்போது ஆள் நடமாட்டம் தெரிந்தால் உடம்பை ஒடுக்கி, இறகுகளை இறுக்கி, நிமிர்ந்து, கண்ணைக் கீறலாகச் சுருக்கிக்கொள்ளும். அப்போது அது முறிந்துபோன ஒரு மரத்துண்டு. கீழே நின்று அண்ணாந்து பார்த்தாலும் மரத்துண்டுதான் தெரியும். காட்டிக்கொடுப்பவை சின்னப் பறவைகள். நீலகிரி சிரிப்பான், பட்டாணிக் குருவி, வெள்ளைக்கண்ணி எல்லாம் ஒரே கிளையைச் சுற்றிக் கத்திக் கூச்சல் போட்டால், அங்கே பாம்போ ஆந்தையோ இருக்கிறது என்று அர்த்தம். ராத்திரி தங்கள் கூட்டத்தில் ஒன்றைத் தூக்கிக்கொண்டு போகிறவனைப் பகலில் கூடி நின்று ஏசுகின்றன. ஆந்தை பெரும்பாலும் பொறுத்துக்கொள்ளும். பொறுக்க முடியாமல் பறந்தால், கூட்டமும் கூச்சலும் அடுத்த மரத்துக்கு இடம் மாறும்.

இந்த மலைகளில் பறவை ஆராய்ச்சிக்கு நீண்ட வரலாறு உண்டு. 'இந்தியப் பறவைகள்' நூலை 1860-களில் எழுதிய மருத்துவர் தாமஸ் ஜெர்டன் நீலகிரியில் வாழ்ந்தவர். வில்லியம் டேவிசன் நீலகிரியிலும் வயநாட்டிலும் துப்பாக்கியோடு அலைந்து பறவைகளைச் சேகரித்தவர். பின்னாளில் சிங்கப்பூர் ராஃபிள்ஸ் அருங்காட்சியகத்தின் பொறுப்பாளராகப் போனார். இவரை வேலைக்கு வைத்திருந்தவர் ஆலன் ஆக்டேவியன் ஹியூம். ஆம், 1885-ல் காங்கிரஸ் உருவாகக் காரணமாயிருந்த அதே ஹியூம். சிம்லாவில் உட்கார்ந்துகொண்டு நாடு முழுவதிலிருந்தும் பறவைத் தோல்களையும் முட்டைகளையும் வரவழைத்தார். பல வருட உழைப்பில் எழுதிய கையெழுத்துப் பிரதிகளை ஒரு வேலைக்காரர் பழைய பேப்பர் விலைக்கு விற்றுவிட, மனம் வெறுத்து மொத்தச் சேகரிப்பையும் லண்டனுக்குக் கொடுத்துவிட்டார். 80,000-த்துக்கும் மேற்பட்ட தோல்களும் முட்டைகளும் கப்பலேறின.

கோத்தகிரியிலிருந்து ஹியூமுக்குக் கூடுகளைப் பற்றிக் கடிதங்கள் எழுதியவர் மார்கரெட் காக்பர்ன் என்ற பெண்மணி. 1829-ல் பிறந்து 1928 வரை வாழ்ந்தவர். அவர் வரைந்த நீலகிரிப் பறவைகளின் ஓவியங்கள் இப்போது லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. துப்பாக்கி ஏந்திய ஆண்களைவிட இவர்மேல் எனக்கு மரியாதை அதிகம். பறவை எங்கே கூடு கட்டியது, எப்போது முட்டையிட்டது என்று பார்த்துக்கொண்டிருப்பதற்குத்தான் பொறுமை வேண்டும்.

இப்படிப்பட்ட மலையில், காட்டு ஆந்தையைப் பற்றி நமக்குக் கிடைத்த அடிப்படைச் செய்திகள் ஒரு பக்கத்தில் அடங்கிவிடும். தெற்கில் ஜனவரி முதல் மார்ச் வரை இனப்பெருக்கம். மரப்பொந்திலோ, கிளைகள் பிரியும் கவட்டிலோ, பாறை விளிம்பிலோ ஒன்று அல்லது இரண்டு வெள்ளை முட்டைகள். எலி, அணில், சின்னப் பறவை, ஓணான் இரை. ஜோடி ஜோடியாக, தங்கள் எல்லைக்குள் வாழும். புத்தகத்துக்குப் புத்தகம் இதே வரிகள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன.

ஏன் ஜனவரி? என் ஊகம் மழையை வைத்துத்தான். ஜூனில் தென்மேற்கு, அது ஓய்ந்ததும் அக்டோபரில் வடகிழக்கு. வருடத்தில் பாதி நாள் இங்கே இலையிலிருந்து சொட்டு விழும் சத்தம் நிற்காது. ஆந்தைக்கு அது பட்டினிக்காலம். இருட்டில் கண்ணைக் காட்டிலும் காதை நம்பி வேட்டையாடும் ஜாதி இது. அதன் வட்ட முகமே சத்தத்தைக் குவித்துக் காதுக்குத் தள்ளும் தட்டுதான். இறகுக்கு அடியில் இருக்கும் காதுத் துளைகள் பல ஆந்தை இனங்களில் இரண்டு பக்கமும் ஒரே அளவில் இருப்பதில்லை, ஒன்று சற்றே மேலும் ஒன்று கீழுமாகக்கூட அமைந்திருக்கும். சத்தம் எந்தக் காதுக்கு முதலில் வந்தது, எதில் பலமாகக் கேட்டது என்ற நுண்ணிய வேறுபாட்டை வைத்து, எலி எந்தப் பக்கம், எவ்வளவு கீழே என்று ஆந்தை கணக்குப் போட்டுவிடும்.

இதை நிரூபித்தவர் ரோஜர் பெய்ன். திமிங்கிலங்களின் பாட்டை உலகத்துக்குக் கேட்கவைத்தாரே, அவரேதான். அதற்கு முன்னால் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் கூகைகளை வைத்துச் சோதனை செய்துகொண்டிருந்தார். துளி வெளிச்சமில்லாத அறை, தரையில் சருகு, அதில் ஓர் எலி. கூகை குறி தவறாமல் பிடித்தது. எலியின் வாலில் ஒரு காய்ந்த இலையைக் கட்டி இழுத்துப்போகவிட்டால், கூகை எலியை விட்டுவிட்டு இலைமேல் பாய்ந்தது. வாசனையோ உடல் சூடோ வழிகாட்டவில்லை, சத்தம்தான் காட்டியது என்பது அதோடு முடிவாயிற்று.

கேட்க வேண்டுமானால் தன் சத்தம் குறுக்கே வரக்கூடாது. அதற்காகத்தான் அந்த இறக்கை. வெளி இறகின் முன்விளிம்பில் சீப்புப் பற்கள் போல வரிசை, பின்விளிம்பில் நூல் நூலான ஓரம், மேற்பரப்பில் வெல்வெட் மாதிரி மயிர்ப்படலம். காற்று இரைச்சலாக மாறுவதற்கு முன்பே உடைந்து போகிறது. ஒரு முறை டிரான்ஸ்ஃபார்மர் மேடைக்கு மேலே இந்த ஆந்தை என் தலையை ஒட்டிக் கடந்து போனது. காதில் ஒன்றும் விழவில்லை. முகத்தில் காற்று பட்டது. உடன் நின்ற ஹெல்பர், "என்னண்ணே, வௌவாலா?" என்றான். அந்த அகல இறக்கையை வௌவால் என்று சொன்னதற்காக அவனை ரொம்ப நாள் கிண்டல் செய்தோம். இந்த மென்மையான இறகுக்கு ஒரு விலையும் உண்டு. மழையில் சீக்கிரம் நனைந்துவிடும். நனைந்தால் கனக்கும். ஆக, குஞ்சுகளை வளர்க்க வானம் வெளுத்து, தரை காய்ந்து, சருகு சலசலக்கும் மாதங்களை அது தேர்ந்தெடுத்திருப்பதில் நியாயம் இருக்கிறது.

அது என்ன தின்கிறது என்று தெரிந்துகொள்ளக் காட்டுக்குள் ராத்திரி போக வேண்டியதில்லை. அது உட்காரும் மரத்தடிக்குப் பகலில் போனால் போதும். ஆந்தை எலியை அநேகமாக முழுதாகவே விழுங்கும். சதை செரித்துவிடும். எலும்பு, முடி, பல் எல்லாம் வயிற்றுக்குள்ளேயே உருண்டையாகத் திரண்டு சில மணி நேரத்தில் வாய் வழியாக வெளியே வந்துவிடும். ஒரு காட்டு நாவல் மரத்தடியில் நான் பொறுக்கிய உருண்டையைச் சொல்கிறேன். கட்டைவிரல் பருமன், இரண்டு அங்குலத்துக்குச் சற்றுக் கூடுதல், சாம்பல் நிறம். அருவருப்பான வாடை எதுவும் இல்லை, பழைய கம்பளி மாதிரி ஒரு மணம்தான். ஒரு தட்டில் வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றி ஊறவைத்து, இன்சுலேட்டர் துடைக்கும் பிரஷ்ஷாலும் ஊசியாலும் மெல்லப் பிரித்தேன்.

முதலில் வெளிப்பட்டது ஒரு கீழ்த்தாடை. முன்னால் உளி மாதிரி வளைந்த வெட்டுப்பல். அதன் வெளிப்பக்கம் மட்டும் ஆரஞ்சு கலந்த மஞ்சள். பிறகு பல்லே இல்லாத ஒரு வெற்றிடம், அதற்கப்புறம் கடைவாய்ப் பற்கள். வெட்டுப்பல்லுக்கும் கடைவாய்க்கும் இடையில் அந்த இடைவெளி இருந்தால் எலி வகை. இன்னொரு தாடை அதில் பாதிகூட இல்லை. ஊசி ஊசியாகப் பற்கள், இடைவெளியே கிடையாது. அது மூஞ்சூறு. விலா எலும்புகள் நூல் துண்டுகளைப் போல முடியில் சிக்கிக் கிடந்தன. அடியில் வண்டின் முதுகோடு ஒன்று, இன்னும் பச்சையாக மினுங்கிக்கொண்டு. அதை ஆந்தை பிடித்ததா, எலி தின்று எலி வயிற்றில் இருந்து வந்ததா என்று பேரன் கேட்டான். நல்ல கேள்வி. அந்தத் தட்டிலிருந்து அதற்குப் பதில் சொல்ல முடியாது. ஒரு மரத்தடியில் வருடம் முழுக்க உருண்டை பொறுக்கி, மாதவாரியாகப் பிரித்து எண்ணினால் ஒரு காட்டு ஆந்தையின் சாப்பாட்டுக் கணக்கு கிடைத்துவிடும். செலவு என்று பார்த்தால் ஒரு கத்தை பழைய செய்தித்தாளும் கொஞ்சம் ஃபெவிகாலும்தான். எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடங்கள் செய்யலாம்.

உருண்டை பொறுக்க மரம் வேண்டுமே. இங்கே பிரச்சினை அங்கேதான் தொடங்குகிறது.

நீலகிரியின் உச்சிப்பகுதி ஆதியில் புல்வெளி. மடிப்புகளில், ஓடையோரங்களில் மட்டும் அடர்ந்த குட்டைக்காடு, அதுதான் சோலை. மலைச்செண்பகம், காட்டு நாவல், காட்டு லவங்கம், ரோடோடென்ட்ரான் எல்லாம் அங்கே மெல்ல மெல்ல வளரும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆஸ்திரேலிய மரங்கள் இங்கே வந்து இறங்கின. நாங்கள் கற்பூர மரம் என்று சொல்லும் யூகலிப்டஸும், சீகை என்று சொல்லும் வாட்டிலும். விறகுக்கு, தோல் பதனிடும் பட்டைக்கு, தைலத்துக்கு, காகித ஆலைக்கு என்று ஒவ்வொரு தலைமுறையிலும் ஒரு காரணம் கிடைத்தது. புல்வெளி மறைந்தது. பள்ளத்தாக்குகளில் தேயிலையும் கேரட்டும் உருளைக்கிழங்கும் வந்தன. லவ்டேலில் இன்று ஆந்தைக்கு இருப்பது துண்டு துண்டான சோலையும் பங்களாக்களின் பழைய மரங்களும்தான்.

மரங்களைப் பற்றி லைன்மேன் பேசினால் கொஞ்சம் காதுகொடுக்கலாம். எந்த மரம் எப்படி விழும் என்பது எங்கள் பிழைப்பு. சீகைக்கு வேர் ஆழம் கிடையாது. மண் ஊறி, மேல்காற்று ஒரு ராத்திரி அடித்தால் வேரோடு பெயர்ந்து, பக்கத்து மரத்தையும் இழுத்துக்கொண்டு கம்பிமேல் சாயும். சோலை மரம் அப்படி விழாது. முதலில் ஒரு கிளை முறியும். முறிந்த வாயில் தண்ணீர் இறங்கும், பூஞ்சை பிடிக்கும், உள்மரம் உளுத்துப்போகும். பல பத்து வருடங்கள் கழிந்தால் அந்த இடம் ஒரு பொந்து. வெளியே மரம் பச்சையாக இலை விட்டுக்கொண்டிருக்கும். ஆந்தைக்குத் தானாகப் பொந்து குடையத் தெரியாது. மரங்கொத்தியின் பொந்து இதன் உடம்புக்குப் போதாது. ஆகவே வயதான, குறைபட்ட, உள்ளே செத்துப்போன மரம்தான் அதற்கு வீடு. ஊட்டி, குன்னூர் வட்டாரத்தில் 'ஆபத்தான மரம்' என்று மனு போட்டு முதலில் வெட்டப்படுவதும் அதே மரம்தான்.

வெட்டவே கூடாது என்று நான் சொல்லமாட்டேன். மரம் விழுந்து வீடு நசுங்கியதை நேரில் பார்த்தவன். கிளை வெட்டுவது என் வேலையின் ஒரு பகுதியாகவே இருந்தது. ஆனால் வீட்டுக்கும் பாதைக்கும் கம்பிக்கும் எட்டாத தூரத்தில் நிற்கும் பட்ட மரம் யாரை நசுக்கப்போகிறது? தலைப்பாரத்தைக் குறைத்துவிட்டு, பதினைந்தடி அடிமரத்தைப் பொந்தோடு விட்டுவிட்டால் போதும். அந்நிய மரங்களை அகற்றிச் சோலையையும் புல்வெளியையும் மீட்பதற்குத் தமிழ்நாடு அரசு 2022-ல் ஒரு கொள்கையே வகுத்தது. நல்ல காரியம். அதைச் செய்யும்போதும், நூறு வயதுக் கற்பூர மரத்தில் ஒரு பொந்து இருந்தால், பக்கத்துச் சோலை மரம் வயதாகும்வரை அது நிற்கட்டும் என்பேன். ஆந்தை மரத்தின் பாஸ்போர்ட்டைப் பார்ப்பதில்லை.

கோத்தகிரிப் பக்கம் டேன்டீ தேயிலைத் தோட்டத்து லயம் ஒன்றில் ஒரு பாட்டி இருந்தார். சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து கப்பலேறி வந்த குடும்பம். மீட்டர் பார்க்கப் போனால் சாயா கொடுக்காமல் அனுப்பமாட்டார். அவரிடம் ஆந்தைப் பேச்சை எடுத்தேன்.

"இதெல்லாம் ஒரு கத்தா தம்பி? அங்க கண்டி மலையில ஒலமான்னு ஒண்ணு இருந்துச்சு. பொம்பள கழுத்த நெரிக்கிற மாதிரி கத்தும். அது கத்துனா மறுநாள் லயத்துல சாவு விழும்னு சொல்லுவாங்க."

"விழுமா பாட்டி?"

"லயத்துல எப்பத்தான் தம்பி சாவு விழல?"

சிங்களத்தில் 'உலமா' என்று சொல்லப்படும் அந்தக் குரல் பெரும்பாலும் புள்ளிவயிற்றுக் கொம்பன் ஆந்தையினுடையது என்பது இன்றைய பறவையியலாளர்கள் பலருடைய கருத்து. முயல், காட்டுக்கோழி வரை தூக்கக்கூடிய பெரிய ஆந்தை அது. மேற்குத் தொடர்ச்சி மலையிலும் உண்டு. பாட்டி விட்டு வந்ததாக நினைத்த பறவை கோத்தகிரிச் சரிவுகளிலும் இருக்கலாம் என்று சொன்னபோது அவருக்கு அவ்வளவாகச் சந்தோஷம் இல்லை.

இலங்கைப் பேச்சு வந்துவிட்டதால் இதையும் சொல்லிவிடுகிறேன். 1995-ல் கித்துல்கலை மழைக்காட்டில் தீபால் வரகாகொட என்பவர் இன்னதென்று தெரியாத ஒரு குரலைக் கேட்டார். ஆறு வருடம் கழித்து, 2001 ஜனவரியில், சிங்கராஜா வனத்தில் அந்தக் குரலுக்குரிய சிறிய செந்நிற ஆந்தையைப் பார்த்தார். 2004-ல் அது செரண்டிப் சிற்றாந்தை என்று உலகத்துக்கு அறிவிக்கப்பட்டது. 1868-க்குப் பிறகு இலங்கையில் கண்டறியப்பட்ட முதல் புதிய பறவையினம். நம் பக்கம், கேரளத்து நெல்லியாம்பதி மலையில் கிடைத்த ஒரு முகமூடி ஆந்தையை வைத்துத்தான் 1970-களின் பிற்பகுதியில் இந்தியத் தீபகற்பத்தில் அந்த வகையும் இருப்பது தெரியவந்தது. சாலிம் அலியோடு சேர்ந்து பத்துத் தொகுதிக் கையேடு எழுதிய தில்லான் ரிப்ளியின் பெயரை அதற்கு வைத்தார்கள். வனச் சிற்றாந்தையின் கதை இன்னும் வேடிக்கை. 1884-க்குப் பிறகு அதை யாருமே பார்க்கவில்லை. 1914-ல் தான் சுட்டதாக ரிச்சர்ட் மைனெர்ட்ஸாகன் என்ற ஆங்கிலேயர் அருங்காட்சியகத்தில் வைத்திருந்த தோல், உண்மையில் அங்கேயே திருடி லேபிள் மாற்றிய பழைய தோல் என்று பமேலா ராஸ்முசன் கண்டுபிடித்தார். அந்தப் பொய்த் தடயத்தை ஒதுக்கிவிட்டுத் தேடியதில், 1997-ல் மகாராஷ்டிரத்தின் ஷஹாதா பக்கம் அந்த ஆந்தை பகல் வெளிச்சத்தில் உட்கார்ந்திருந்தது.

இவையெல்லாம் அரிய பறவைகள். எங்கள் காட்டு ஆந்தை அப்படி இல்லை. அழிவு அபாயத்தைக் கணக்கிடும் உலகப் பட்டியலில் 'கவலை குறைந்தது' என்ற வகையில்தான் இருக்கிறது. பரப்பு பெரிது, ஆகவே கவலை இல்லை. ஆனால் போர்னியோவிலும் இமயத்திலும் இருக்கும் உறவினர்களைக் கணக்கில் சேர்த்து லவ்டேல் ஆந்தைக்கு நற்சான்று கொடுப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. இமயமலையில் இருப்பதைத் தனி இனமாகவே வைக்கும் நிபுணர்களும் உண்டு. சோலைகளின் சிறு பறவைகளில் இப்படி ஒரு முடிச்சு ஏற்கெனவே அவிழ்ந்திருக்கிறது. வி.வி. ராபினும் சக ஆய்வாளர்களும் 2017-ல் சோலைக்கிளிகளையும் சிரிப்பான்களையும் மரபணு, குரல், நிறம் எல்லாவற்றையும் வைத்து ஒப்பிட்டு, அவை வேறெங்கும் இல்லாத தனிப் பேரினங்கள் என்று காட்டினார்கள். நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் நடுவே இருக்கும் பாலக்காட்டுக் கணவாயின் அகலம் சுமார் முப்பது கிலோமீட்டர்தான். அதைத் தாண்டாமலே லட்சக்கணக்கான வருடங்கள் தனித்தனியாக வாழ்ந்திருக்கின்றன அந்தச் சின்னப் பறவைகள். ஆந்தைக்கும் அதே கேள்வியைக் கேட்டுப் பார்க்க வேண்டும்.

கேட்காததற்குக் காரணங்கள் புரியாதவை அல்ல. பறவைக் கணக்கெடுப்பு விடியற்காலையில் தொடங்கி டிபன் நேரத்தில் முடிகிறது. காப்புக்காட்டில் ராத்திரி நடமாட அனுமதி எளிதில் கிடைக்காது. கிடைத்தாலும் வளைவில் காட்டெருமை நிற்கும். லவ்டேலில் அது நிற்காத இரவு குறைவு. சிறுத்தையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஆனால் இப்போது கையகல ஒலிப்பதிவுக் கருவிகள் வந்துவிட்டன. சாயங்காலம் மரத்தில் கட்டிவிட்டுப் போனால் ராத்திரி முழுவதும் தானே கேட்டுக்கொண்டிருக்கும். எந்தச் சோலைத் துண்டில் ஜோடி இருக்கிறது, எதில் குரல் நின்றுபோயிற்று என்று பத்து வருடம் பதிந்தால் தெரிந்துவிடும். அந்தப் பதிவுகள் வரும்வரை, காது உள்ளவர்கள் தேதி, நேரம், இடத்தை ஒரு நோட்டில் குறித்தாலே பெரிய விஷயம். காக்பர்ன் அம்மையாரிடம் இருந்ததும் அதுதான்.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். மொபைலில் அதன் குரலைப் போட்டு வரவழைத்துப் போட்டோ எடுக்கும் பழக்கம் பரவிவருகிறது. தன் எல்லைக்குள் இன்னொருவன் புகுந்துவிட்டான் என்று நினைத்துத்தான் அது வருகிறது. முட்டையின்மேல் உட்கார்ந்திருக்க வேண்டிய நேரத்தில் வெறும் ஸ்பீக்கரோடு சண்டை போட்டுக்கொண்டிருக்கும்.

எலிப் பாஷாணம் இன்னொரு கவலை. கிடங்குகளிலும் வீடுகளிலும் வைக்கும் புரோமடியலோன் போன்ற மருந்துகள் எலியை உடனே கொல்வதில்லை. ரத்தம் உறைவதைத் தடுத்து, சில நாட்களில் கொல்லும். அந்தச் சில நாட்கள் எலி தள்ளாடிக்கொண்டு திரியும். ஆந்தைக்குச் சுலபமான இரை, கூடவே அதன் ஈரலில் சேரும் விஷம். பிரிட்டனில் செத்துக் கிடந்த கூகைகளைச் சோதித்துப் பார்த்ததில் பெரும்பாலானவற்றின் உடலில் இந்த வகை மருந்துகள் இருந்தன. மாந்திரீகத்துக்காகப் பிடிப்பதும் நின்றபாடில்லை. 2010-ல் டிராஃபிக் இந்தியா அமைப்புக்காக அப்ரார் அகமது தயாரித்த அறிக்கை, நாட்டிலுள்ள 30 ஆந்தை இனங்களில் 15 இனங்கள் கள்ளச்சந்தையில் விற்கப்பட்டதைப் பதிவு செய்தது. பெரிய ஆந்தைக்குப் பெரிய விலையாம். பஞ்சபட்சி சாஸ்திரத்தில் ஐந்தில் ஒன்றாக ஆந்தையை வைத்து நாள் பார்த்த அதே ஜனங்கள்தான் நாம்.

மார்ச், ஏப்ரலில் எனக்கு போன் வரும். "அண்ணே, ஆந்தைக் குஞ்சு கீழ கிடக்குது, என்ன பண்றது?" வெள்ளைப் பஞ்சு உருண்டை மாதிரி ஒன்று வேலியடியில் விழித்துக்கொண்டிருக்கும். இந்தக் குடும்பத்து ஆந்தைக் குஞ்சுகள் பறக்கத் தெரிவதற்கு முன்பே பொந்தை விட்டு வெளியே வந்து கிளை கிளையாகத் தொற்றிப் பழகும். பழகும்போது விழும். விழுந்தால் அலகாலும் நகத்தாலும் பற்றி மறுபடி ஏறவும் முயலும். தாயும் தந்தையும் பக்கத்தில்தான் இருக்கும், ராத்திரி வந்து இரை கொடுக்கும். ஆகவே வீட்டுக்குத் தூக்கிப் போகாதீர்கள், பாலும் சோறும் ஊட்டாதீர்கள். ரத்தமோ முறிந்த இறக்கையோ தெரிந்தால் வனத்துறைக்குச் சொல்லுங்கள். இல்லையென்றால், நாய்களைக் கட்டிப்போட்டுவிட்டு, ஒரு துணியால் பொதிந்து எடுத்துப் பக்கத்து மரத்தின் தாழ்ந்த கிளையில் வைத்துவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

வைக்கப் போகிறவர் தலையைப் பார்த்துக்கொள்ள வேண்டும். எரிக் ஹாஸ்கிங் என்ற புகழ்பெற்ற ஆங்கிலேயப் பறவைப் புகைப்படக்காரர் 1937-ல் இதே பேரினத்து ஆந்தையொன்றின் கூட்டருகே போய் ஒரு கண்ணை இழந்தார். என் பழைய மஞ்சள் ஹெல்மெட் வீட்டு வாசலிலேயே மாட்டியிருக்கிறது. வேண்டுமென்றால் வந்து வாங்கிக்கொண்டு போங்கள், திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.